எண்டிக் எதிர் கேரிங்டன், 1765: சோதனையிடும் அதிகாரத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

1762 நவம்பர் 11 அன்று, லண்டனை ஒட்டிய ஸ்டெப்னியில் குடியிருந்த ஜான் எண்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் நேதன் கேரிங்டன், ஜேம்ஸ் வாட்சன், தாமஸ் ஆர்ட்ரன், ராபர்ட் பிளாக்மோர் ஆகிய நால்வர் நுழைந்தனர். மன்னரின் தூதுவர்கள் என்ற பதவிப் பெயருடைய அரசு ஊழியர்களான அவர்களிடம் அமைச்சர் ஒருவர் கையெழுத்திட்ட ஆணை இருந்தது. அவர்கள் வந்தபோது வெளிக்கதவு திறந்தே இருந்தது என்பதும் வழக்கின் பதிவுகளில் உள்ளது. உள்ளே வந்தவர்கள் நான்கு மணி நேரம் அங்கிருந்து, அறைகளின் பூட்டுகளையும் பெட்டிகளையும் இழுப்பறைகளையும் உடைத்துத் திறந்து, எண்டிக்கின் அந்தரங்கத் தாள்களைப் படித்துப் பார்த்து, அச்சிட்டவை, கையால் எழுதியவை என்று பாராமல் எடுத்துச் சென்றனர். எண்டிக்கையும் உடன் அழைத்துச் சென்றனர்.

சோதனையிடும் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வழக்கிலிருந்து ‘அது சட்டம் என்றால் நம் புத்தகங்களில் இருக்கும்’ என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் மீண்டும் மீண்டும் மேற்கோளாகிறது. அந்த வாக்கியத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் தீர்ப்பின் உண்மையான உழைப்பு வேறொரு பகுதியில், திருட்டுப் பொருளைத் தேடும் ஆணையோடு இந்த ஆணையை நீதிபதி வரிக்கு வரி ஒப்பிடும் இடத்தில் இருக்கிறது. இன்று ஒரு காவல் ஆய்வாளர் வீட்டு வாசலில் நிற்கும்போது சட்டம் அவர்மீது சுமத்தும் கடமைகள் பலவற்றின் நியாயத்தை அந்தப் பகுதியில் காணலாம். ஆகவே இந்த ஆய்வு அந்தப் பகுதியிலேயே அதிக நேரம் நிற்கும்.

ஆணையும் அதன் பின்னணியும்

எண்டிக் ‘தி மானிட்டர்’ என்ற வார இதழுடன் தொடர்புடையவர். அவ்விதழ் அன்றைய அமைச்சரவையைக் கடுமையாக விமர்சித்து வந்தது. 1762 அக்டோபரில் அந்த இதழின் எழுத்தாளர்கள் யார் என்பது பற்றி ஒருவர் அரசுக்குத் தகவல் கொடுத்தார். அதன் அடிப்படையில் நவம்பர் 6 அன்று ஹாலிஃபாக்ஸ் பிரபு ஆணை பிறப்பித்தார். அவர் வகித்த அரசுச் செயலர் பதவி, இன்றைய வழக்கில் சொன்னால், முதுநிலை அமைச்சர் பதவி. ஆணை எண்டிக்கின் பெயரைச் சொன்னது. அரசுக்கும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் இழுக்கு உண்டாக்கும் கட்டுரைகள் கொண்ட இதழ்கள் எனச் சில எண்களையும் குறிப்பிட்டது. அவரைத் தேடிப் பிடித்து, அவருடைய புத்தகங்களோடும் தாள்களோடும் தம் முன் கொண்டுவரப் பணித்தது. கான்ஸ்டபிள் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லும்படியும் அதில் இருந்தது. தூதுவர்கள் அப்படி எவரையும் அழைத்துச் செல்லவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பாடநூல்கள் இதை அடிக்கடி குழப்புகின்றன. 1763 ஏப்ரலில் ‘நார்த் பிரிட்டன்’ 45-ஆம் இதழுக்காக இதே ஹாலிஃபாக்ஸ் பிறப்பித்த ஆணையில் யாருடைய பெயரும் இல்லை. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் யாராயினும் பிடிக்கலாம் என்ற அந்த ஆணையின் பேரில் 49 பேர் கைதாயினர். அந்த இதழை நடத்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ் தொடுத்த வழக்குகள் அந்தப் பெயரில்லா ஆணையைப் பற்றியவை. அவற்றில் ஒன்றில் 1763 டிசம்பரில் ஜூரி அவருக்கு 1,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. எண்டிக்கின் ஆணையிலோ பெயர் இருந்தது. அது வரம்பற்றதாக இருந்தது தாள்களைப் பொறுத்த அளவில் மட்டுமே. யாரைப் பிடிப்பது என்று சொன்ன ஆணை, எதை எடுப்பது என்று சொல்லவில்லை. எனவே இந்த வழக்கு எழுப்பிய கேள்வி வில்க்ஸ் வழக்குகளின் கேள்வியைவிடக் கூர்மையானது: ஆள் யாரென்று தெளிவாகத் தெரிந்த பிறகும், குற்றத்துக்குச் சான்று தேடி அவருடைய தாள்கள் அனைத்தையும் எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா?

எண்டிக் அந்த நால்வர்மீதும் அத்துமீறல் வழக்குத் தொடுத்து 2,000 பவுண்டு இழப்பீடு கோரினார். ஆணையிட்ட அமைச்சர் அல்ல, உள்ளே வந்து பூட்டை உடைத்தவர்களே பிரதிவாதிகள். நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் அரசு ஊழியருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அடுத்த வீட்டுக்காரன் நுழைந்தால் என்ன வழக்கோ, மன்னரின் தூதுவன் நுழைந்தாலும் அதே வழக்கு. ஜூரி நடந்தவற்றை மட்டும் கண்டறிந்து, சட்டம் எண்டிக்கின் பக்கம் இருக்குமானால் இழப்பீடு 300 பவுண்டு என்று சொல்லி, சட்டக் கேள்வியை நீதிபதிகளிடம் விட்டது. சார்லஸ் பிராட், அதாவது 1765-இல் கேம்டன் பிரபு ஆனவர், பொது வழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக அந்த ஆண்டின் இறுதியில் தீர்ப்பளித்தார்.

பிரதிவாதிகள் சொன்ன மூன்று காரணங்கள்

முதலாவது, 1750-ஆம் ஆண்டுச் சட்டம். குற்றவியல் நடுவர் ஒருவரின் ஆணையை நிறைவேற்றும் கான்ஸ்டபிளுக்கு அச்சட்டம் பாதுகாப்புத் தந்தது. இந்த வாதத்தை நீதிமன்றம் நீண்ட நேரம் ஆராய்ந்து தள்ளியது. அமைச்சர் அந்தச் சட்டம் சொல்லும் நடுவர் அல்லர், தூதுவர்கள் கான்ஸ்டபிள்களும் அல்லர். நமக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆணையை நிறைவேற்றுபவர் தனக்கான பாதுகாப்பைக் கோர வேண்டுமானால், ஆணையில் சொன்னபடி நடந்திருக்க வேண்டும் என்ற சிறு குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கான்ஸ்டபிளை அழைத்துச் செல்லாமை அங்கே பிரதிவாதிகளுக்கு எதிராக நின்றது.

இரண்டாவது, நெடுங்கால வழக்கம். 1688 புரட்சிக்குப் பிறகு இத்தகைய ஆணைகள் இடையறாது பிறப்பிக்கப்பட்டு வந்தன, எவரும் எதிர்க்கவில்லை, எனவே அவை சட்டமாகிவிட்டன என்பது வாதம். இதற்குக் கேம்டன் தந்த விடையைப் படிக்கும்போது இன்றும் மனம் நிமிர்கிறது. ஓர் அலுவலகம் தனக்குள் பழகிக்கொண்ட நடைமுறை நாட்டின் சட்டம் ஆகாது என்றார் அவர். எதிர்க்காமல் இருந்தவர்கள் யார்? குற்றம் சாட்டப்பட்ட அஞ்சிய மனிதர்கள், ஏழைகள், தண்டனைக்குப் பயந்த சில புத்தக வியாபாரிகள். அவர்கள் எதிர்க்கத் துணியாததையே நாட்டு மக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஏற்கச் சொல்வது விந்தையான கோட்பாடு என்றார். இந்த வழக்கத்தின் வேரையும் அவர் தோண்டிக் காட்டினார்: 1641-இல் ஒழிக்கப்பட்ட ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தின் காலத்திலும், பிறகு 1662-இன் அச்சக உரிமச் சட்டத்தின் கீழும் இத்தகைய சோதனைகள் நடந்தன. அந்த உரிமச் சட்டம் 1695-இல் காலாவதியானது. சட்டம் செத்த பிறகும் அதன் கீழ் உருவான பழக்கத்தை மட்டும் அலுவலகம் உயிரோடு வைத்திருந்தது.

மூன்றாவது, அரசின் தேவை. அரசைக் கவிழ்க்கத் தூண்டும் எழுத்துகளை வேறெப்படித் தடுப்பது என்று கேட்டார்கள். அரசுக்கு எதிரான குற்றம் என்பதற்காகத் தனி அளவுகோல் வைப்பது பொதுச் சட்டத்துக்குத் தெரியாத தர்க்கம் என்பதே பதில்.

மேற்கோளாகும் வாக்கியம்

ஒருவருடைய நிலத்தில் மற்றவர் அனுமதியின்றிக் கால் வைத்தாலே, சேதம் எதுவும் இல்லாவிட்டாலும், அத்துமீறல்தான் என்பதிலிருந்து கேம்டன் தொடங்குகிறார். கால் வைத்தவர் அதை ஒப்புக்கொண்டால், தன்னை நியாயப்படுத்தும் சட்டத்தை அவரே காட்டியாக வேண்டும். காட்டச் சொன்னால், நீதிபதிகள் புத்தகங்களைப் புரட்டுவார்கள். அது சட்டம் என்றால் நம் புத்தகங்களில் இருக்கும். அங்கே இல்லையென்றால் அது சட்டம் அன்று.

இதன் பொருள் ஆழமானது. வீட்டுக்காரர் எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று தேடி அலைய வேண்டியதில்லை. என் வீடு என்று சொன்னாலே போதும். மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் நுழைந்தவர் தோளில் ஏறுகிறது. வெளிக்கதவு திறந்திருந்தது என்ற தகவல் பிரதிவாதிகளைக் காப்பாற்றவில்லை என்பதை இந்த இடத்தில் நினைவுகொள்ளலாம். திறந்த கதவு சம்மதம் ஆகாது.

ஆனால் இந்த வாக்கியம் இரு பக்கமும் வெட்டும். புத்தகத்தில் இல்லாததால் அதிகாரம் இல்லை என்றால், நாடாளுமன்றம் நாளைக்கே புத்தகத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? 1979 ஜூலையில் பிரிட்டனின் வரித்துறை அதிகாரிகள் ராஸ்மின்ஸ்டர் என்ற நிறுவனத்தின் அலுவலகத்திலும் அதனுடன் தொடர்புடையோர் வீடுகளிலும் புகுந்து ஆவணங்களைக் குவியலாக எடுத்துச் சென்றபோது, என்ன குற்றம் என்று ஆணையில் குறிப்பாகச் சொல்லப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு அந்தச் சோதனை செல்லாது என்றார். அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, 1980-க்கான தீர்ப்புத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில் அதை மாற்றி, நாடாளுமன்றச் சட்டம் தெளிவாக அதிகாரம் தந்திருக்கிறது, ஆணை சட்டம் கேட்ட அளவுக்குப் போதுமானது என்றது. புத்தகத்தில் இருந்ததால் அது சட்டம் ஆயிற்று.

1979-லேயே வந்த மாலோன் வழக்கு மற்றொரு விளிம்பைக் காட்டியது. தொலைபேசியை ஒட்டுக்கேட்கக் காவல்துறை யாருடைய வீட்டிலும் கால் வைக்கவில்லை; அத்துமீறல் இல்லையென்றால் அதிகாரம் காட்ட வேண்டிய தேவையும் எழவில்லை என்று நீதிபதி மெகாரி முடிவு செய்தார். அந்த முடிவு சரியன்று என்பதே என் கருத்து, ஆனால் எண்டிக் வழக்கின் சொத்துரிமைத் தர்க்கத்தை அதன் வரம்புக்குள் வைத்துப் படித்தால் அதை எளிதில் குறை சொல்லவும் முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1984-இல் மாலோனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே, 1985-இல், ஒட்டுக்கேட்பைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் சட்டத்தைப் பிரிட்டன் இயற்றியது.

திருட்டுப் பொருளும் தாளும்

இனி தீர்ப்பின் இதயத்துக்கு வருவோம். திருட்டுப் பொருளைத் தேட வீட்டுக்குள் நுழையலாம் என்பதைப் பொதுச் சட்டம் அப்போதே ஏற்றிருந்தது. அது ஏற்கப்பட்டிருக்குமானால் இதுவும் ஏற்கத்தக்கதே என்று பிரதிவாதிகள் வாதிட்டனர். கேம்டன் அந்த ஒப்புமையை எடுத்துக்கொண்டு அதையே அவர்களுக்கு எதிராகத் திருப்புகிறார்.

திருட்டுப் பொருளைத் தேடும் ஆணையில் என்னென்ன வேண்டும் என்று அவர் சொல்லிச் செல்கிறார். திருட்டு நடந்தது என்று சத்தியப் பிரமாணத்தின் மீது முழுமையான புகார் இருக்க வேண்டும். பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று உரிமையாளர் சத்தியம் செய்ய வேண்டும். சோதனையின்போது அவர் நேரில் வந்து தன் பொருளைக் காட்ட வேண்டும். சொன்ன அடையாளத்தோடு அது பொருந்துகிறதா என்று அதிகாரி பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் கிடைக்காவிட்டால் சத்தியம் செய்தவரே அத்துமீறியவர் ஆவார். கூட வந்த அதிகாரி குற்றமற்றவர் என்பதால், சத்தியம் செய்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல எப்போதும் தயாராக இருப்பார். ஒவ்வொரு அடியிலும் யாரோ ஒருவர் தன் தலையைப் பணயம் வைக்கிறார். யாரும் பொறுப்பேற்காமல் கதவு திறப்பதில்லை.

எண்டிக்கின் வீட்டில் நடந்ததில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குற்றத்துக்குரிய தாள் அவரிடம் இருக்கிறது என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. எதை எடுக்க வேண்டும் என்ற விவரிப்பு இல்லை. எது வழக்குக்கு வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தெடுக்க ஆள் இல்லை. தூதுவர்கள் தவறு செய்தால் வீட்டுக்காரருக்காகச் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த அதிகாரி களவாடினாலன்றித் தவறு செய்யவே முடியாது என்கிறார் கேம்டன். எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றபின், அதற்கு மேல் எடுக்க என்ன இருக்கிறது?

இந்த வரியை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். அதிகாரத்துக்கு எல்லை இல்லாதபோது அதை மீறுதல் என்பதும் இல்லாமல் போகிறது. எனவே எல்லையற்ற சோதனை ஆணை வீட்டுக்காரரின் உரிமையைப் பறிப்பதோடு நிற்பதில்லை. நேர்மையான அதிகாரி தான் நேர்மையாக நடந்தேன் என்று காட்டிக்கொள்ளும் வழியையும் அது அடைத்துவிடுகிறது.

அடுத்து வரும் பகுதி இன்னும் நுட்பமானது. ஒருவர் சொல்லக்கூடும்: அதிகாரம் இருக்கட்டும், பாதுகாப்புகளை நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளட்டும், முன்கூட்டியே ஆதாரம் கேட்கட்டும், வேலைக்காரரை உடன் நின்று பார்க்க விடட்டும், எடுத்தவற்றுக்குச் சரியான பட்டியல் எழுதி அதன் நகலைக் கொடுக்கச் செய்யட்டும். கேம்டன் இதை மறுக்கும் விதம் வியப்பூட்டுகிறது. அந்த அதிகாரம் சட்டப்படி இருந்திருக்குமானால், இந்த எச்சரிக்கைகள் எல்லாம் எப்போதோ சட்டத்தில் ஏற்பட்டிருக்கும். அவை இல்லாமையே அதிகாரமும் இல்லை என்பதற்கு மறுக்க முடியாத சான்று என்கிறார். அதாவது பாதுகாப்பு விதிகள் அதிகாரத்தின் மேல் பின்னர் ஒட்டப்பட்ட அலங்காரம் அல்ல. அதிகாரம் உண்மையானது என்பதற்கு அவையே அடையாளம்.

தாள்களைப் பற்றியும் அவர் தனியே பேசுகிறார். தாள்கள் ஒருவரின் மிக அருமையான உடைமை. அவற்றைப் பறிப்பது இருக்கட்டும், பிறர் பார்ப்பதையே அவை தாங்கா. மேலும், எண்டிக் எழுதியதாகச் சொல்லப்பட்டது குற்றமா என்று எந்த நீதிமன்றமும் முடிவு செய்வதற்கு முன்பே, அவர்தான் எழுதினாரா என்று தெரிவதற்கு முன்பே, அவர் வீட்டு இரகசியங்கள் அனைத்தும் அவர் கையை விட்டுப் போய்விட்டன. பின்னர் அவர் விடுதலையானாலும் அந்த இரகசியம் திரும்ப வராது. தன்னைத்தானே குற்றம் சாட்டும்படி சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சான்று தேடும் சோதனையை அனுமதியாததும் அதே கொள்கையின் மேல் நிற்கிறது என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார்.

இந்தியாவில்

கேம்டன் மறுத்த அதிகாரத்தை இந்தியச் சட்டம் விசாரணை அதிகாரிக்கு வெளிப்படையாகவே தந்திருக்கிறது. குற்றத்துக்குச் சான்றாகும் பொருளை, தாள்கள் உட்பட, வாரண்ட் இல்லாமலும் தேடலாம். 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165-ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185-ஆவது பிரிவாக உள்ளது. ஆனால் கேம்டன் இல்லையென்று சுட்டிய எச்சரிக்கைகளை இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் காணலாம். தேடும் பொருள் அந்த இடத்தில் இருக்கும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். தேவையற்ற தாமதமின்றி வேறு வழியில் அதைப் பெற முடியாது என்ற முடிவுக்கு அதிகாரி வந்திருக்க வேண்டும். காரணத்தையும், இயன்றவரை தேடும் பொருளையும் எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவருக்குச் செல்ல வேண்டும். வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் நடுவர் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்தக் கடைசி உரிமையைப் பற்றிப் பலருக்கும் தெரிவதில்லை. சோதனைக்கு உள்ளானவர் முதலில் கேட்டுப் பெற வேண்டிய தாள் அதுதான்.

சோதனை நடக்கும் முறைக்கு 103-ஆவது பிரிவு. அப்பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சார்பில்லாத, மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சிகளாக வேண்டும். குடியிருப்பவர் சோதனையின்போது உடனிருக்க அனுமதிக்கப்பட வேண்டும். கைப்பற்றியவற்றின் பட்டியல், நம் காவல் நிலையங்களின் மொழியில் மகஜர், அங்கேயே எழுதப்பட்டுச் சாட்சிகளிடம் கையொப்பம் பெற்று, நகல் வீட்டுக்காரரிடம் தரப்பட வேண்டும். பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் பெண்ணே, கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும். புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனை முழுவதையும் பட்டியல் தயாரிப்பதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. உடன் நின்று பார்க்கும் வேலைக்காரர், சரியான பட்டியல், அதன் நகல் என்று 1765-இல் கேம்டன் கற்பனையாகச் சொன்ன மூன்றும் இங்கே கடமைகளாகி நிற்கின்றன.

இக்கடமைகளை நீதிமன்றம் எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு, ராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான் வழக்கு நல்ல சான்று. புகையிலை மீதான கலால் வரி தொடர்பாக அதிகாரிகள் ஒருவர் வீட்டைச் சோதனையிடச் சென்றனர், காரணம் எதையும் எழுதிப் பதியவில்லை, அவர் தடுத்தார், அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுத்ததாக அவர்மீது வழக்கு. காரணத்தை எழுதுவது கட்டாயம், எழுதாமல் நடந்த சோதனை சட்டப்படியானதன்று, எனவே அதைத் தடுத்தது அந்தக் குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எண்டிக்கின் குரல் இங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறது. எனினும் இதைப் படித்துவிட்டு யாரும் வாசலில் அதிகாரியைத் தடுக்கத் துணிய வேண்டாம். காரணம் எழுதப்பட்டதா இல்லையா என்பது அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்குத் தெரியாது, எழுதப்பட்டிருந்தால் தடுத்தவரே குற்றவாளி ஆவார்.

அரசமைப்பின் தளத்தில் பாதை இவ்வளவு நேராக இல்லை. 1954 மார்ச் 15 அன்று எம்.பி. சர்மா எதிர் சதீஷ் சந்திரா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் எந்தச் சட்ட முறையிலும் சமூகப் பாதுகாப்புக்காக அரசுக்கு உள்ள மேலோங்கிய அதிகாரம் என்றது. அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் போன்ற அந்தரங்க உரிமையை நம் அரசமைப்பை இயற்றியவர்கள் ஏற்கவில்லை, ஆகவே அதை வலிந்து புகுத்த வேண்டியதில்லை என்றது. சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றுவது, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதை அரசமைப்பின் 20(3) பிரிவு தடுக்கிறதே, அந்தக் கட்டாயச் சாட்சியமும் ஆகாது என்று முடிவு செய்தது. கேம்டன் இணைத்துப் பார்த்த இரு கொள்கைகளும் இங்கே பிரிக்கப்பட்டன. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்க உரிமை அரசமைப்பில் இல்லை என்று சொன்ன அளவில் சர்மா தீர்ப்பைத் தள்ளுபடி செய்தனர். இடையில், கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்ட ஆட்சியர் அதிகாரமளிக்கும் எவரும் எந்த இடத்திலும் நுழைந்து ஆவணங்களைப் பார்த்துக் கைப்பற்றலாம் என்ற ஆந்திரப் பிரதேசத்தின் முத்திரைச் சட்டத் திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. அந்தரங்கம் இடத்தை அல்ல, ஆளைச் சார்ந்தது என்ற கருத்தை அத்தீர்ப்பு முன்னிறுத்தியது. மாலோன் வழக்கில் தடுக்கி விழுந்த சொத்துரிமைத் தர்க்கத்துக்கு இதுவே மாற்று: வீட்டில் கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்த மனிதரின் இரகசியத்தில் கை வைத்தால் அதற்குச் சட்டம் காட்டியாக வேண்டும்.

இரண்டு இடங்களில் நம் சட்டம் கேம்டனிடமிருந்து விலகி நிற்பது எனக்குக் கவலை தருகிறது. ஒன்று, சட்டமீறலின் விளைவு. சோதனை முறையற்றதாக இருந்தாலும் அதில் கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் சான்றாக ஏற்கலாம் என்பதை 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில் அரசமைப்பு அமர்வு உறுதி செய்தது. எண்டிக்கும் தாள்களைச் சான்றிலிருந்து நீக்கக் கோரவில்லை, அவர் கேட்டது பணம்தான் என்று சிலர் பதில் சொல்வர். உண்மை. ஆனால் அவருக்குக் கிடைத்த 300 பவுண்டு, உள்ளே வந்த நால்வருக்கு எதிராக நேரடியாகக் கிடைத்தது. சான்றையும் விலக்காமல், அதிகாரியிடமிருந்து இழப்பீடு பெறுவதும் நடைமுறையில் அரிதாக இருக்கும்போது, முறை தவறிய சோதனைக்கு விலை கொடுப்பவர் யார்?

மற்றொன்று, காரணத்தின் இரகசியம். 1961-இன் வருமான வரிச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, சோதனைக்கு உத்தரவிட, நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்றது. 2017-இன் நிதிச் சட்டம், அந்தக் காரணத்தை எந்த நபருக்கும், எந்த அதிகாரிக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குமே வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று முன்தேதியிட்டு விளக்கம் சேர்த்தது. காரணம் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் சோதனைக்கு உள்ளானவர் அதைப் பார்க்க முடியாது. நுழைந்தவர் சட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியில், காட்டுதல் என்ற சொல்லையே இது எடுத்துவிடுகிறது. வரி ஏய்ப்பைப் பற்றித் தகவல் கொடுத்தவரைக் காக்க வேண்டும் என்பது நியாயமான அக்கறை. அதற்குப் பெயரை மறைத்தால் போதும், காரணம் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை.

எடுத்துச் செல்லப்படும் கைப்பேசி

இன்று எண்டிக்கின் வீட்டுக்கு நால்வர் வந்தால் நான்கு மணி நேரம் ஆகாது. பூட்டு எதையும் உடைக்க வேண்டியதில்லை. கைப்பேசியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் போய்விடலாம். அவற்றுக்குள் அவருடைய கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், அவரை நம்பித் தகவல் சொன்னவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். வழக்குக்குத் தேவையானது ஒருவேளை இரண்டு செய்திகளாக இருக்கலாம். 2023 நவம்பரில் பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது குறித்த வழக்கில், இதற்கு வழிகாட்டு விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது.

சட்டம் கேட்கும் எல்லாமும் அங்கே முறையாக நடந்திருக்கக்கூடும். காரணம் எழுதப்பட்டிருக்கும், இரு சாட்சிகள் நின்றிருப்பார்கள், காணொளிப் பதிவு ஓடியிருக்கும், மகஜரின் நகல் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அந்த மகஜரில் கைப்பற்றியவற்றின் பட்டியல் ஒரே வரியில் முடிந்திருக்கும்: கருப்பு நிறக் கைப்பேசி, ஒன்று.